அளவு எழுதாத சுவர்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குப் படை முகாமின் சுற்றுச்சுவர் சர்வேயர் வீட்டுக்குள் வந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றது. அன்று அரசு விடுமுறை. சர்வேயர் கூடத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். சுவர் பதினான்கு அடி உயரம், ஒன்றரை அடி கனம், மேலே மூன்று வரிசை முள்கம்பி. ஆனாலும் கூரையில் ஓர் ஓடு நகரவில்லை, காரை உதிரவில்லை, சமையலறை வாசலில் தொங்கிய திரைச்சீலைகூடக் கசங்கவில்லை. வருவது தெரியாமல் வருவதில் அந்தச் சுவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சர்வேயர் திரும்பிப் பார்த்தபோது, வாசல் இருந்த இடத்தில் "தடை செய்யப்பட்ட பகுதி, புகைப்படம் எடுக்கக் கூடாது" என்று எழுதியிருந்தது. அதே நிமிடத்தில்தான் தலைநகரில் மாவு கர்னல் நிலத்துறை மந்திரியாகப் பதவி ஏற்றார் என்பது மத்தியானச் செய்தியில் தெரிந்தது.

சுவர் நகர்வது ஊருக்குப் புதிய சங்கதி அல்ல. முந்தைய இருபத்திரண்டு வருடங்களில் அது எட்டு தடவை நகர்ந்திருந்தது, ஒவ்வொரு தடவையும் படை ஏதாவது ஒரு தொழிலைத் தொடங்கிய நாளில். முதலில் ரொட்டி அடுப்பு. சிப்பாய்களுக்குச் சுட்டது போக மிஞ்சியதை முகாம் வாசலில் விற்றால் என்ன என்று யோசித்தவர் அப்போது வெறும் கேப்டன். கையெல்லாம் மாவோடு வந்து தானே ரிப்பனை வெட்டியதால் ஊர் அவருக்கு மாவு கேப்டன் என்று பெயர் வைத்தது. அவர் மேஜராகிக் கர்னலான பிறகும் மாவு கூடவே போனது. அன்று சுவர் முப்பதடி முன்னால் வந்து ஒரு கிணற்றை எடுத்துக்கொண்டது. ரொட்டிக்கு மாவு வேண்டும் என்று மில் வந்தது, மில் கட்ட சிமெண்ட் வேண்டும் என்று சிமெண்ட் ஆலை வந்தது, ஆலைக்குக் கடன் கொடுக்க வங்கி வந்தது, வங்கியில் கடன் வாங்கியவன் செத்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று இன்சூரன்ஸ் வந்தது. வங்கிக்காக ஒரு தெரு முழுசாக உள்ளே போனது. இன்சூரன்ஸ் திறந்த அன்று பெண்கள் பள்ளிக்கூடம் பாடவேளை நடுவில் உள்ளே போய்விட்டது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்பதால் பிள்ளைகளை மட்டும் சாயங்காலம் கேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். டீச்சர்களையும் கட்டடத்தையும் கொடுக்கவில்லை.

ஆரம்பத்தில் ஊர் வழக்குப் போட்டது. வழக்கு பதினோரு வருடம் நடந்து தீர்ப்பு வந்தபோது நீதிமன்றமே சுவருக்குள் இருந்தது. தீர்ப்பைப் படிக்க அனுமதிச் சீட்டு கேட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் மனசை மாற்றிக்கொண்டது. உள்ளே நாள் முழுக்க மின்சாரம் இருந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், ரொட்டி வெளியே விற்பதில் பாதி விலை. சுவரை வைகிற சாக்கில் எல்லோரும் அதையேதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனைக்கடை டீக்காரர், சர்வேயர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "எங்க தெருவுக்கு எப்போ சார் வரும்? உங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்று குழாய்த் தண்ணீரைக் கேட்கிற மாதிரி கேட்பார். நடுவில் மூன்று தேர்தல்கள் நடந்தன. ஓட்டு எண்ணும்போது விளக்கு அணையக் கூடாது என்று பெட்டிகளை முகாமுக்குள் கொண்டுபோய் எண்ணினார்கள். முதல் தேர்தலில் படைக்கு வேண்டியவர்கள் ஜெயித்தார்கள், இரண்டாவதில் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மூன்றாவதில் ஓய்வு பெறாதவர்களே. ஆகவே சுவர் சர்வேயர் வீடு வரை வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அவருடைய கெட்ட நேரம், அது பாதி வீட்டோடு நின்றுவிட்டது.

சுவருக்குள் அகப்பட்ட பொருள் படையின் சொத்து, அகப்பட்ட ஆள் படையின் ஊழியர் என்று ஒரு விதி இருந்தது. மூன்றாம் நாள் சர்வேயரின் மனைவிக்கு ஓர் எண்ணும் காக்கி மேலங்கியும் கொடுத்து மெஸ் சமையலில் சேர்த்தார்கள். தங்குவதற்கு அவளுடைய சமையலறையையே அவளுக்குக் குவார்ட்டர்ஸாக ஒதுக்கினார்கள். அவள் வெளியே போக விண்ணப்பம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் "வீட்டுக்குப் போக" என்று எழுதியிருந்தாள். ஊழியரின் வீடு முகாமுக்குள்ளேயே இருப்பதாகப் பதிவேடு சொல்வதால் வெளியே போக முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது. சர்வேயர் உள்ளே போக விண்ணப்பித்தார். விண்ணப்பதாரரின் கூடம் வெளியே இருப்பதால் உள்ளே அவருக்கு வீடு இல்லை என்று பதில் வந்தது. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து இருந்தது. இரண்டும் விதிப்படி சரியாகவும் இருந்தன.

சுவரின் அடியில் பத்தடிக்கு ஒன்றாக மழைநீர் போக நான்கு விரல் அகலத்தில் ஒரு துளை விட்டிருந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒரு துளை சமையலறை வாசலுக்கு நேராக அமைந்தது. தினமும் சாயங்காலம் மெஸ் வேலை முடிந்து அவள் வந்ததும் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் தரையில் படுத்துக்கொண்டு பேசினார்கள். சர்வேயர் கூடத்தில் ஸ்டவ் வைத்துச் சமைக்கப் பழகினார்.

"உப்பு எங்கே வச்சிருக்கே?"

"உப்பு இந்தப் பக்கம்தாங்க இருக்கு."

உப்பு காகிதப் பொட்டலத்தில் துளை வழியாக வந்தது. மிளகாய்த்தூள் வந்தது, மெஸ்ஸில் மிஞ்சிய ரொட்டி சுருட்டிக்கொண்டு வந்தது, ஒரு தடவை அவருடைய சட்டைப் பித்தானைத் தைக்க ஊசியில் நூல் கோத்தே வந்தது. முகாமிலிருந்து சாமான் வெளியே போவது ஏற்றுமதி, அதற்கு உரிமம் வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்த பிறகு ரொட்டி நின்றது, உப்பு மட்டும் தொடர்ந்தது. அவள் விரல்கள் துளைக்குள் ஒரு சாண் வரை எட்டும், இவருடையதும் அவ்வளவுதான். சுவர் ஒன்றரை அடி கனம் என்பதால் நடுவில் விரல் நுனிகள் தொட்டுக்கொள்ள முடிந்தது. அவருக்கு அவள் மேல் பிரியம் ஜாஸ்தி என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் இல்லாமல் அவர் ஒரு வேளை சோறு நிம்மதியாகத் தின்றதில்லை.

சுவர் அடுத்த தடவை நகரும்போது தானும் உள்ளே போய்விடலாம் என்று சர்வேயர் நம்பினார். படை விமான கம்பெனி தொடங்குகிறது என்று பேப்பரில் வந்ததும் இரண்டு பெட்டிகளைக் கட்டி வைத்துக்கொண்டு, சலவைச் சட்டை போட்டு, சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அவள் பாயை நகர்த்தி அவருக்கு இடம் விட்டிருந்தாள். வானொலியில் கைதட்டல் கேட்டது, விமானம் பறந்தது, சுவர் அசையவில்லை. தொலைபேசி கம்பெனி திறந்தார்கள், டெலிவிஷன் திறந்தார்கள், சர்க்கரை ஆலைகள் ஆறு திறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் பெட்டியோடு உட்கார்ந்தார். மாவு கர்னல் மந்திரியான பிறகு அந்தச் சுவர் ஒரு நூல்கூட முன்னால் வரவில்லை. ஆறு வருடம் இப்படிப் போனது. அவருக்கு ஐம்பத்தேழு வயதானது, அவளுக்கு ஐம்பத்திரண்டு. ஒரு சாயங்காலம் அவள், "என்னங்க, இனிமே பெட்டி கட்டாதீங்க, சட்டை வீணாப் போகுது" என்றாள். அன்றைக்குத்தான் அவர் இருபத்தெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

முகாம் முதலில் வந்தபோது அதை அளந்து எல்லை எழுதியவர் அவர்தான். அரசாங்க உத்தரவு தெளிவாக இருந்தது: பழைய எல்லைக்கல்லிலிருந்து தொள்ளாயிரம் அடி, அதற்கு மேல் ஓர் அங்குலம் இல்லை. அவர் நாடாவோடு போய்ச் சேர்வதற்குள் சிப்பாய்கள் சுவரைக் கட்டி முடித்திருந்தார்கள். கல்லிலிருந்து அளந்து, அடி எழுதி, மூலைக்கு ஒரு கல் நட வேண்டும். அது ஒரு நாள் வேலை. அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். சட்டைப் பையில் மத்தியானக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் இருந்தது. அளவுப் புத்தகத்தில் "எல்லை: படையின் சுற்றுச்சுவர்" என்று எழுதி, அடி எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு கிழித்து, நாடாவின் ஒரு முனையைப் பிடித்தவராகத் தானும் மறுமுனையைப் பிடித்தவராக உதவியாளும் கையெழுத்துப் போட்டு, இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் இருந்தார். அவர்கள் நாடாவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. எத்தனை அடியில் நிற்க வேண்டும் என்று சுவருக்கு யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு நடந்தது.

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. அழுகிறாளோ என்று அவர் பயந்தார்.

"அந்தப் படமா?" என்றாள். "அது நல்லாவே இல்லையேங்க."

அவர் தரையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள் என்று பின்னால் சொன்னார், ஆனால் அவள் சிரித்த மாதிரிதான் டீக்காரருக்குக் கேட்டதாம். அவர் அன்று வாடிக்கைப் பால் கொடுக்க வந்திருந்தார்.

எழுதியதைத் திருத்த ஒரே வழி இருந்தது. திரும்ப அளந்து, அடியை எழுத வேண்டும். நிலத்துறையில் புத்தகத்தைத் திறந்து எழுத அதிகாரமுள்ள ஆள் இன்னும் அவர்தான், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. பழைய எல்லைக்கல் முகாமுக்குள்ளே ரொட்டி அடுப்புக்குப் பின்னால் இருப்பதை அவள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்தாள். மெஸ் ஆட்கள் அதன் மேல் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். நாடா நூறடிதான், அதைத் துளை வழியாக நீட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகவே அவள் காலி மாவு மூட்டைகளின் தையலைப் பிரித்து, நூலை முடிச்சுப் போட்டுச் சேர்த்து, உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். எட்டு மாதம் பிரித்தாள். வங்கி அணிக்கும் சிமெண்ட் அணிக்கும் கால்பந்து இறுதிப் போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முகாம் முழுக்க மைதானத்தில் இருந்தபோது, நூலின் ஒரு முனையைத் துளையில் கணவன் கையில் கொடுத்துவிட்டு நேராக நடந்தாள். பள்ளிக்கூடத்தின் ஒரு ஜன்னலில் நுழைத்து மறு ஜன்னலில் எடுத்தாள், நீதிமன்ற வராந்தா வழியாக இழுத்தாள், வங்கியில் காவலாளி தூங்கிய பெஞ்சுக்கு அடியில் விட்டாள், எல்லைக்கல்லில் கொண்டுபோய் அழுத்திப் பிடித்து மூன்று தடவை சுண்டினாள். இந்த முனையில் அவர் மூன்று தடவை சுண்டினார். ஆறு வருடத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது அன்றுதான். பிறகு அவர் நூலை இழுத்துச் சுற்றி, வீட்டில் நாடா வைத்து அளந்து, தொய்வுக்குக் கழிக்க வேண்டியதைக் கழித்தார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் அடி. சுவர் இரண்டாயிரம் அடி தள்ளி வந்து நிற்கிறது.

புத்தகத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினார். அளந்த விதம், நூல், முடிச்சு, தொய்வு, அடி, கடைசியில் எல்லை எங்கே என்பது. இந்த முறை ஒன்றையும் விடவில்லை. ஒரு முனையைப் பிடித்தவர் என்று தன் கையெழுத்தைப் போட்டார். மறுமுனையைப் பிடித்தவர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தப் பெயரை எழுதினால் அவள் கதி என்னவாகும் என்று அவருக்குத் தெரியாதா? செத்துப்போன உதவியாளின் பெயரை எழுதிப் பார்த்தார். சுவர் அசையவில்லை. அடித்துவிட்டுத் தன் பெயரையே இரண்டாம் தடவை எழுதினார். அதற்கும் அசையவில்லை. நான்கு மாதம் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, கணக்கில் ஏதோ சந்தேகம் என்று அவளிடம் சாக்குச் சொன்னார்.

"கணக்குல உங்களுக்குச் சந்தேகம் வந்து நான் பார்த்ததே இல்லையே" என்றாள் அவள். "கையெழுத்துத்தானே? புஸ்தகத்தை இப்படித் தள்ளுங்க."

"வேணாம்மா. விட்டுடுவோம். இப்படியே பேசிக்கிட்டு இருந்துடலாம்."

"எனக்கு இந்த ஓட்டையில பேசிப் பேசிக் கழுத்து போச்சுங்க. நான் அந்தப் பக்கம் வரணும். தள்ளுங்க."

அவர் தள்ளவில்லை. மறுநாளும் தள்ளவில்லை. ஒன்பதாவது நாள் தள்ளினார். அதற்காக அவர் தன்னை மன்னிக்கவில்லை. புத்தகம் துளைக்குள் குறுக்கே போகாமல் சுருட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதி, கீழே தன் ஊழியர் எண்ணையும் எழுதி, மை காய ஊதித் திருப்பிக் கொடுத்தாள். அது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை காலை சுவர் சமையலறைப் பக்கமாக நான்கு விரற்கடை, சரியாக மூன்று அங்குலம், தள்ளி நின்றது. வந்ததெல்லாம் பாய்ச்சலாக வந்தது, போவது தினம் மூன்று அங்குலமாக இப்படித்தான் போனது. அன்று சாயங்காலம் அவள் பேச வரவில்லை.

நான்காம் நாள் மாவு கர்னல் நிலத்துறை அலுவலகத்துக்கு நேரிலேயே வந்தார். அவர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்திருந்தார், படையின் சொந்தத் தயாரிப்பு. சர்வேயரை உட்காரச் சொல்லி, புத்தகத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"நல்லா அளந்திருக்கீங்க. தொய்வெல்லாம் கழிச்சிருக்கீங்களே" என்றார். "சுவர் போகுதாம். போகட்டும் சர்வேயர். பால் வேணும்னா எங்ககிட்ட வரணும், சிமெண்ட் வேணும்னா எங்ககிட்ட வரணும், பொண்ணு கல்யாணத்துக்குக் கடன்னா எங்ககிட்டதான் வரணும். இதுல சுவர் எதுக்கு? வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிற தண்டம்தான்."

"அப்போ அவளை விட்டுடுங்க சார்."

"அது வேற விஷயம். அந்தம்மா எங்க ஊழியர், எங்க சட்டத்துல வர்றாங்க. மாவு மூட்டை நூல் படையோட சொத்து. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் அடி திருட்டு. நான் சொல்லலை, நீங்களே அளந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவங்களும் போட்டிருக்காங்க."

சர்வேயர் வாழ்க்கையில் பிழையில்லாமல் எழுதிய பக்கம் அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் மிக நன்றாக எழுதிய பக்கம் அதுதான். விசாரணையில் வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவளைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் திறந்த நாளில் உள்ளே போன அந்தக் கட்டடத்தைப் படை இப்போது சிறையாக வைத்திருக்கிறது. எத்தனை வருடம் என்று யாரும் சொல்லவில்லை.

நாற்பதாவது நாள் சமையலறை முழுசாகச் சர்வேயருக்குத் திரும்பக் கிடைத்தது. பாய் சுருட்டி ஓரமாக நின்றது. உப்பு ஜாடி துளை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது, அவள் கை எட்டுவதற்கு வாகாக. அவர் அதை அலமாரியில் எடுத்து வைத்தார், பிறகு திரும்பத் தரையிலேயே வைத்தார். ஊருக்கு அதற்குள் வேறு கவலை. சுவர் போகப் போக வெளியே வந்துவிட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது, அந்த வீட்டுக்காரர்கள் எங்களைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனு எழுதிக் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். சிலர் சர்வேயர் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். சுவர் விட்டுப்போன கிணறும் தெருவும் படையின் பெயரிலேயே இருந்தன, வாடகை மட்டும் புதிதாக வந்தது. அந்த வருடக் கடைசியில் மாவு கர்னல் நாட்டின் தலைவரானார். பதவி ஏற்ற அன்று சுவர் முன்னாலும் வரவில்லை, நிற்கவும் இல்லை, வழக்கம்போல் மூன்று அங்குலம் பின்னால் போனது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சர்வேயர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தினமும் காலையில் ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து சுவரை ஒட்டிப் போட்டு, அதைப் பார்த்தபடி உட்காருகிறார். மழைக்குக் குடை வைத்திருக்கிறார். நாற்காலி தெருவைத் தாண்டிய மாதத்தில் பேருந்தைச் சற்றுச் சுற்றிவிட்டார்கள், டிரைவர்களுக்குப் பழகிவிட்டது. படைக்காரர்களும் அவரை ஒன்றும் சொல்வதில்லை. அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்தின் முதல் ஜன்னல் ஆயிரத்து நானூறு அடி, நூல் அதன் வழியாகப் போனதால் அவருக்கு அந்த அளவு தெரியும். ஜன்னலுக்கு உள்ளே யார் இருப்பார், இருப்பாரா என்பது அவர் அளவில் வராது. டீக்காரர் பதினொரு மணிக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுப்பார், காசு வாங்குவதில்லை. ஒரு நாள் அவர், "அந்த ஜன்னல் வெளியே வர எத்தனை நாள் ஆகும் சார்?" என்று கேட்டார்.

"ஐயாயிரத்து அறுநூறு நாள். அதுல முந்நூத்துப் பன்னிரண்டு போச்சு."

"அன்னிக்கு உங்களுக்கு என்ன வயசு இருக்கும்?"

"எழுபத்து மூணு. அவளுக்கு அறுபத்தெட்டு."

டீக்காரர் சுவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "டீ ஆறுது சார்" என்றார். சர்வேயர் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார். மறுநாள் காலை வந்து நாற்காலியை நான்கு விரற்கடை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.